வளவுக் கோழிக்குத் திடீரென வருத்தம் வந்தால்...



இம்முறை மருத்துவப் பக்கத்தில் நீரிழிவும் இல்லை, கொலஸ்ரரோலும் இல்லை. கோழியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். 2020ஆம் ஆண்டின் கொரோனா முடக்கத்துக்குப் பின்னர் இங்கு பிரித்தானியாவில் எம்மவர் பலரின் வீட்டுப் பின்வளவுகளில் ஒரு சிறிய மரக்கூடும் மூன்று நான்கு பேட்டுக் கோழிகளும் குடியேறிவிட்டன. வயிற்றோட்டத்துடன் வருபவரிடம் “வெளிநாடு போய் வந்தீர்களா?” என்று கேட்கும் நான், இப்போது “வீட்டில் கோழி வளர்க்கிறீர்களா?” என்றும் கேட்கிறேன். ஆம் என்று பதில் சொல்பவர்கள் குறைவல்லர்.

நான் மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் குடும்ப வைத்தியர். மிருக வைத்தியர் அல்லர். நானும் வீட்டில் கோழி வளர்ப்பவன் என்பதும், கோழியின் வருத்தம் மனிதரிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தொழிலில் காண்பவன் என்பதும்தான் இதை எழுத எனக்குள்ள தகுதி. கோழி திடீரெனச் சுகவீனமுற்றால் முதல் ஒரு மணித்தியாலத்தில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் அந்தக் கோழிக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள குழந்தைக்கும் அம்மம்மாவுக்கும் முக்கியமானவை. அவற்றை ஒழுங்காகப் பார்ப்போம்.

கோழி ஏன் வருத்தத்தை மறைக்கிறது?

“டொக்ரர், நேற்று நன்றாக மேய்ந்தது, இன்று காலை விழுந்து கிடக்கிறது” என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அந்தக் கோழி பெரும்பாலும் சில நாட்களாகவே சுகமில்லாமல் இருந்திருக்கும். கோழி மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பறவை. சோர்ந்து நிற்கும் கோழியைத்தான் நரியும் பருந்தும் முதலில் தெரிவு செய்யும். கூட்டத்திலுள்ள மற்றக் கோழிகளும் பலவீனமானதைக் கொத்தித் தள்ளும். ஆகவே இயலுமானவரை சுகமாக இருப்பது போலவே அது நடமாடும். எம் கண்ணுக்குத் தெரியும்போது வருத்தம் முற்றியிருக்கும்.

இதனால்தான் தினமும் காலையில் கூடு திறக்கும்போதும் மாலையில் அடைக்கும்போதும் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். தீனைப் போட்டதும் எது ஓடி வருகிறது, எது பின்னால் நிற்கிறது என்று கவனியுங்கள். தீனுக்கு ஓடி வராத கோழி சுகமில்லாத கோழி என்று எடுத்துக்கொள்ளலாம்.

சுகமான கோழி எப்படி இருக்கும்?

சுகவீனத்தை அறிய முதலில் சுகத்தை அறிய வேண்டும்.

கொண்டை: முட்டையிடும் காலத்தில் நல்ல சிவப்பாக இருக்கும். இறகு உதிரும் காலத்திலும் அடைகிடக்கும்போதும் சற்று வெளிறிச் சுருங்குவது வழமை.

கண்: இரண்டும் திறந்து, தெளிவாக, நீர் வடியாமல் இருக்கும்.

மூச்சு: சொண்டை மூடியபடி சத்தமின்றி மூச்சு விடும். வெயில் நாட்களில் மாத்திரம் வாய் திறந்து இளைக்கும்.

தீன்பை: கழுத்தடியில் நெஞ்சுக்கு மேலே இருக்கும். மாலையில் நிரம்பியும் காலையில் வெறுமையாகவும் இருக்க வேண்டும்.

எச்சம்: மண்ணிறமாக, மேலே வெள்ளை படிந்து, ஓரளவு உருத்திரண்டிருக்கும். ஒரு நாளில் சில தடவைகள் கடும் மண்ணிறத்தில், பசை போல, நாற்றமாகவும் போகும். இதைக் கண்டு வயிற்றோட்டம் என்று பயப்பட வேண்டாம். அது குடல்வாலில் இருந்து வரும் இயல்பான எச்சம்.

உடல் வெப்பம்: கோழியின் சாதாரண வெப்பநிலை ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். எமக்கு அது கடும் காய்ச்சல். ஆகவே கோழியைத் தூக்கிப் பார்த்து “உடம்பு கொதிக்கிறது, காய்ச்சல்” என்று முடிவு செய்து பரசிற்றமோல் கொடுக்கப் புறப்படாதீர்கள்.

முதல் ஒரு மணித்தியாலத்தில் செய்ய வேண்டியவை

1. தொடுவதற்கு முன் பாருங்கள். சற்றுத் தள்ளி நின்று மற்றக் கோழிகளை எண்ணுங்கள். வருத்தம் ஒன்றுக்கு மட்டுமா, ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்கா? வேறு எதுவும் இறந்து கிடக்கிறதா? ஒன்றுக்கு மேற்பட்டவை சோர்ந்திருந்தாலோ, திடீரென இறந்திருந்தாலோ, தலை வீங்கியோ கொண்டை நீலம் பாரித்தோ இருந்தாலோ கோழியைத் தூக்காதீர்கள். வைத்தியரிடம் கொண்டு செல்லவும் வேண்டாம். கீழே பறவைக் காய்ச்சல் பற்றிய பகுதிக்குப் போய் அதன்படி செய்யுங்கள்.

2. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள். கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். வளவுக்கென ஒரு சோடி சப்பாத்து வைத்திருப்பது நல்லது.

3. தனிமைப்படுத்துங்கள். காற்றோட்டத் துளையுள்ள பெரிய மட்டைப்பெட்டி ஒன்றில் பழைய துவாயோ வைக்கோலோ போட்டு, சற்று இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கராச் அல்லது தோட்டக் கொட்டில் பொருத்தமானது. சமையலறை வேண்டாம். ஒன்று, அங்கே உணவு சமைக்கிறோம். இரண்டு, ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவரும் புகை பறவையின் சுவாசப்பையைத் தாக்கிச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். எமக்கு அந்தப் புகை தெரியவே தெரியாது.

4. சூடு கொடுங்கள். சுகமில்லாத கோழி தன் உடல் வெப்பத்தைக் காக்க முடியாமல் சோர்ந்துவிடும். சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மாத்திரம் வையுங்கள். சூடு கூடினால் அது மறுபக்கம் ஒதுங்க இடம் இருக்க வேண்டும். வெக்கை நாளில் வாய் திறந்து இளைக்கும் கோழிக்கு இது பொருந்தாது. அதைக் குளிர்விக்க வேண்டும்.

5. தண்ணீர் வையுங்கள், ஆனால் வாய்க்குள் ஊற்றாதீர்கள். கோழியின் மூச்சுக்குழாயின் வாசல் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. எமக்கு விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடுகின்ற சிறு மூடி கோழிக்கு இல்லை. ஊரிலே செய்தது போல உள்ளிச்சாற்றையும் நல்லெண்ணெயையும் சொண்டைத் திறந்து ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் போய்விடலாம். தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சொண்டின் நுனியை மெதுவாக நனைத்துக் காட்டினால் போதும்.

6. சொண்டிலிருந்து வால்வரை ஒழுங்காகப் பாருங்கள். கண், மூக்குத் துவாரம், வாய், தீன்பை, செட்டையின் கீழ், வயிறு, முட்டை வரும் வாசல், கால், பாதம். இறகுக்குள் நரி கடித்த காயம் மறைந்திருக்கலாம். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். அது கத்தி போலக் கூராகத் துருத்தி நின்றால் கோழி பல நாட்களாக மெலிந்து வந்திருக்கிறது என்று அர்த்தம்.

7. எழுதி வையுங்கள். கடைசியாக எப்போது முட்டையிட்டது, என்ன தின்றது, எச்சம் எந்த நிறம், வளவில் புதிதாக ஏதாவது தெளித்தீர்களா? பெட்டிக்குள் பத்திரிகைத் தாள் விரித்தால் எச்சம் தெளிவாகத் தெரியும். தொலைபேசியில் ஒரு படமும், மூச்சு விடுவதை ஒரு காணொளியும் எடுத்து வைத்தால் மிருக வைத்தியருக்கு அது பெரிய உதவி.

பின்னர் மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள். நாய் பூனை பார்க்கும் எல்லோரும் கோழி பார்ப்பதில்லை. அதனால் கோழி சுகமாக இருக்கும்போதே, அருகில் கோழி பார்க்கும் வைத்தியர் யார், பார்க்க எவ்வளவு முடியும் என்று விசாரித்து வைத்திருங்கள். மூச்சுத் திணறல், நிற்காத இரத்தம், நரி கடித்த காயம், எழுந்து நிற்க முடியாமை, வலிப்பு, முட்டை வராமல் முக்குதல் ஆகியவற்றுக்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

திடீரெனத் தோன்றும் சில வருத்தங்கள்

முட்டை அடைப்பு

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணித்தியாலம் எடுக்கும். அது பாதையில் சிக்கினால் கோழி வாலைத் தாழ்த்தி, பென்குயின் பறவை போல நிமிர்ந்து நின்று முக்கும். அடிக்கடி கூட்டுக்குள் போய் வெறுமனே திரும்பும். கைச்சூடான தண்ணீர் உள்ள பேசினில் வயிறு நனைய 15 முதல் 20 நிமிடம் இருத்தி, நன்றாக ஈரம் துடைத்து, இருட்டான சூடான இடத்தில் விட்டால் சிலவேளை முட்டை வந்துவிடும். வயிற்றை அழுத்தவோ உள்ளே முட்டையை உடைக்கவோ வேண்டாம். உடைந்த ஓடு முட்டைப் பாதையைக் கிழிக்கும். சில மணித்தியாலத்தில் வராவிட்டால் வைத்தியர் தேவை. ஓரிரு நாளில் உயிர் போய்விடலாம். சுண்ணச்சத்துக்கு நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனிப் பாத்திரத்தில் எப்போதும் வைத்திருப்பது தடுப்பு முறைகளில் ஒன்று.

வயிற்றுக்குள் முட்டை

பண்ணைகளில் கழிக்கப்பட்ட கோழிகளைத் தொண்டு நிறுவனங்களிடம் எடுத்து வளர்ப்பவர்கள் எம்மவரிலும் உள்ளனர். நல்ல காரியம். ஆனால் ஓயாது முட்டையிடவென்றே உருவாக்கப்பட்ட இந்த இனங்களுக்கு முட்டைக்கரு வயிற்றுக்குள் விழுந்து அழற்சி உண்டாவது அதிகம். வயிறு தண்ணீர் நிரம்பிய பலூன் போல வீங்கும், நடை அகலும், முட்டை நின்றுவிடும். இது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

தீன்பை அடைப்பு

காலையிலும் தீன்பை நிரம்பியிருந்தால் கவனியுங்கள். கல்லுப் போல இருந்தால் நீண்ட புல்லோ வைக்கோலோ அடைத்திருக்கும். பஞ்சு போல இருந்து வாய் புளித்த மணம் வீசினால் உள்ளே பூஞ்சணம் பெருகியிருக்கும். கோழியைத் தலைகீழாகப் பிடித்துச் சத்தி எடுக்க வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய் அந்த இடத்திலேயே இறக்கலாம்.

சிவப்பு உண்ணி

கொண்டை வெளிறி, கோழி இரவில் கூட்டுக்குள் போக மறுத்தால் இதை நினையுங்கள். ஒரு மில்லிமீற்றர் அளவான இந்தப் பூச்சிகள் பகலில் பலகை இடுக்குகளில் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் கோழியில் தேடினால் காண மாட்டீர்கள். இருட்டிய பின் கோழி தூங்கும் தடியின் அடியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்; சிவப்புக் கறை தெரியும். கோழிக்குச் செய்யும் சிகிச்சையுடன் கூட்டையும் இடுக்கு இடுக்காகச் சுத்தம் செய்ய வேண்டும். தீனின்றியே பல மாதங்கள் உயிர் வாழக்கூடிய பூச்சி இது.

இரத்தக் கழிச்சலும் கால் வழங்காமையும்

இளம் கோழிகள் கூனிக் குறுகி நின்று இரத்தம் கலந்த எச்சம் கழித்தால் அது பெரும்பாலும் குடலில் வளரும் ஒட்டுண்ணி. ஈரமான படுக்கையில் விரைவாகப் பரவும். நேரத்துக்கு மருந்து கிடைத்தால் பிழைக்கும். ஒரு கால் முன்னும் மறு கால் பின்னுமாக நீட்டியபடி விழும் இளம் கோழிக்கு மாரெக் என்னும் வைரசு நோய் இருக்கலாம். இதற்கு மருந்து இல்லை. குஞ்சாக இருக்கும்போது போடும் தடுப்பூசிதான் உண்டு. கோழி வாங்கும்போது தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள்.

வெக்கை

2022 ஜூலை 19ஆம் திகதி இங்கிலாந்தின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. குளிர்நாடு என்று இனி அசட்டையாக இருக்க முடியாது. கோழிக்கு வியர்வை இல்லை. செட்டையை அகட்டி வாய் திறந்து இளைத்தால் நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, கால்களைக் குளிர் நீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

பறவைக் காய்ச்சலும் ராணிக்கெற்றும்

ஊரில் மழைக்காலத்தில் ஒரு வீட்டுக் கோழி தூங்கி விழத் தொடங்கினால் ஒரு கிழமைக்குள் ஒழுங்கையிலுள்ள எல்லா வீட்டுக் கூடும் காலியாகிவிடும். அதை ராணிக்கெற் என்றோம். தமிழகத்தில் வெள்ளைக்கழிச்சல் என்பர். வட இந்திய மலை ஊரான ராணிக்கெற்றின் பெயரை எமக்குத் தந்த அதே நோய்க்கு, 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்டதால், இங்கே நியூகாசில் நோய் என்று பெயர். கழுத்துத் திருகல், மூச்சுத் திணறல், பச்சை நிறக் கழிச்சல் என்பன அடையாளங்கள். பிரித்தானியாவில் அது இப்போது அரிது.

இன்று இங்கே எம்மை அச்சுறுத்துவது பறவைக் காய்ச்சல், அதாவது எச்5என்1 வைரசு. 2021 இலையுதிர்காலத்தில் தொடங்கி இந்த நாடு அதுவரை காணாத பெரிய பரவலைக் கண்டது. 2022 நவம்பர் 7 முதல் இங்கிலாந்து முழுவதும் எல்லாக் கோழிகளையும் உள்ளே அடைத்து வைக்க உத்தரவு வந்தது. காட்டு வாத்தும் கடற்பறவையும் இந்த வைரசைக் காவி வருகின்றன. அவற்றின் எச்சம் உங்கள் தண்ணீர்ப் பாத்திரத்தில் விழுந்தாலோ, குளக்கரையில் நடந்த சப்பாத்துடன் நீங்கள் கூட்டுக்குள் போனாலோ போதுமானது.

அடையாளங்கள்: திடீர்ச் சாவு, தலையும் முகமும் வீங்குதல், கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தல், கண் மூடிப் படுத்துக் கிடத்தல், நடுக்கம், தள்ளாட்டம், மூச்சுக் கஷ்டம், காலில் இரத்தப் புள்ளிகள், தண்ணீராகப் பச்சைக் கழிச்சல், முட்டை திடீரெனக் குறைதல்.

சந்தேகம் வந்தால் உடனடியாக அறிவிக்க வேண்டியது சட்டப்படி உங்கள் கடமை. இங்கிலாந்தில் அழைக்க வேண்டிய இலக்கம் 03000 200 301. மற்றப் பகுதிகளில் உள்ளவர்கள் தமது பகுதிக்குரிய அரச விலங்குச் சுகாதார அலுவலகத்தின் இலக்கத்தைத் தேடிக் குறித்து வையுங்கள். அதிகாரிகள் வரும்வரை கோழியையோ முட்டையையோ தீனையோ வளவுக்கு வெளியே கொண்டு போகாதீர்கள். நோய் உறுதியானால் எஞ்சிய கோழிகளும் கொல்லப்படும். அது வேதனைதான். அந்தப் பயத்தில் மறைத்தால் அயலவரின் கோழியும் போகும், உங்கள் வீட்டாரும் ஆபத்துக்குள்ளாவார்கள்.

மனிதருக்குத் தொற்றுவது அரிது. ஆனால் நடந்திருக்கிறது. 2022 ஜனவரியில் தென்மேற்கு இங்கிலாந்திலும், 2025 ஜனவரியில் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியிலும் தொற்றிய பறவைகளுடன் நெருங்கியிருந்த ஒவ்வொருவருக்குத் தொற்று உறுதியானது. நோயுற்ற பறவையைத் தொட்டவர் 10 நாட்களுக்குத் தம்மைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல், இருமல், கண் சிவத்தல், மூச்சுக் கஷ்டம் இருந்தால் வைத்தியசாலையில் போய் வரிசையில் இருக்காமல், முதலில் என்.எச்.எஸ். 111க்கோ உங்கள் குடும்ப வைத்தியருக்கோ தொலைபேசியில் சொல்லுங்கள். “சுகமில்லாத கோழியைத் தொட்டேன்” என்பதை மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியர் அதை நினைக்க மாட்டார்.

கறிச்சட்டியும் மருந்துப் பெட்டியும்

எம்மவர் வீடுகளில் இரண்டு பழக்கங்கள் உண்டு. இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

முதலாவது, “சாகப் போகிற கோழி, வீணாகப் போகாமல் அறுத்துக் கறி வைப்போம்” என்பது. இதை அறியாமை என்று நான் ஏளனம் செய்ய மாட்டேன். பொருளாதாரத் தடைக் காலத்திலும் இடம்பெயர்ந்த கொட்டில்களிலும் ஒரு கோழி என்பது ஒரு வீட்டின் ஒரு கிழமைப் புரதம். அன்று அது புத்தியான செயல். இன்று இந்த நாட்டில் அதற்கு அவசியம் இல்லை, ஆபத்து மாத்திரமே மீதி. நன்றாகக் கொதித்தால் கிருமி செத்துவிடும் என்று வாதாடுவார்கள். கொதித்த கறியில் பறவைக் காய்ச்சல் வைரசு செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஆபத்து கறி சட்டிக்குள் போவதற்கு முன்னரே வந்துவிடுகிறது. அறுக்கும்போது தெறிக்கும் இரத்தத்திலும், இறகு பிடுங்கும்போது எழும் தூசியிலும், குடல் எடுக்கும் கையிலும், வெட்டும் பலகையிலும்தான் அது இருக்கிறது. அதே பலகையில் பிறகு வெங்காயம் வெட்டுகிறோம். இதைத் தவிர, நச்சுத் தின்றோ மருந்து கொடுக்கப்பட்டோ இறக்கும் கோழியின் இறைச்சியில் உள்ள நச்சு கொதிப்பதால் போய்விடாது.

இரண்டாவது, வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோற்றிக் குளிசையைக் கரைத்துக் கொடுப்பது. வைரசு நோய்க்கு அது பயன்படாது. பக்ரீரியா நோய்க்கும் எந்த மருந்து, எந்த அளவு என்று தெரியாமல் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமி உங்கள் வளவிலேயே வளரும். மருந்து முட்டை வழியாக உங்கள் பிள்ளையின் கோப்பைக்கும் வரும். செல்லமாக வளர்த்தாலும் கோழி இந்நாட்டுச் சட்டப்படி உணவு தரும் விலங்கு. அதற்கென்று சில மருந்துகள் முற்றாகத் தடை. மிருக வைத்தியர் மருந்து தந்தால் “எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது?” என்று கேட்டு அந்த நாட்களைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

வீட்டாரின் சுகம்

சல்மோனெல்லா கிருமி முற்றிலும் சுகமாகத் தோன்றும் கோழியிலும் இருக்கலாம். வயிற்றுவலி, காய்ச்சல், வயிற்றோட்டம் ஆகியவை பெரும்பாலும் 12 முதல் 72 மணித்தியாலத்தில் தொடங்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நீரிழிவு உள்ளோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்தோர் ஆகியோருக்கு இது பாரதூரமாகலாம். இவர்கள் சுகமில்லாத கோழியைத் தொடவே கூடாது.

கடையில் சிவப்புச் சிங்க முத்திரை குத்திய முட்டைகள் தடுப்பூசி போட்ட கோழிகளின் முட்டைகள். அவற்றை மஞ்சட்கரு இளகியபடி கர்ப்பிணிகளும் உண்ணலாம் என்று 2017இல் உணவுத்தர முகவரகம் அறிவித்தது. இந்த அறிவித்தல் உங்கள் வளவு முட்டைக்குப் பொருந்தாது. ஆகவே வளவு முட்டையை வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை அவியுங்கள். இங்கே எமது வழக்கங்களையும் நினைக்க வேண்டும். பெரியபிள்ளையான பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். இருமலுக்கு முட்டைக் கோப்பி அடிக்கிறோம். அம்மம்மா அன்போடு “எங்கள் கோழி முட்டைதானே, சுத்தமானது” என்பார். அன்பு சரி. முட்டையை மட்டும் அவித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், சத்துக் குறைந்துவிடாது.

கூட்டுக்குப் போய் வந்ததும் சவர்க்காரமிட்டு 20 வினாடி கை கழுவுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சமையல் தொட்டியில் கழுவ வேண்டாம். கோழியை முத்தமிடும் சின்னவர்களுக்கு, வேறு விதமாக அன்பு காட்டப் பழக்குங்கள்.

சட்டம் சொல்லும் இரண்டு விடயங்கள்

2024 ஒக்ரோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரேயொரு கோழி வளர்ப்பவரும் பதிவு செய்ய வேண்டும். இலவசம். அருகில் நோய் பரவினால் உங்களுக்கு அறிவிப்பதற்கே இது.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. சமையலறையில் மிஞ்சியதைக் கோழிக்குப் போடுவது சட்டவிரோதம். 2001இல் இந்த நாட்டைப் பாதித்த கால்நடைக் கோமாரி நோய் பன்றிகளுக்குப் போட்ட உணவுக் கழிவிலிருந்து தொடங்கியது என்று கருதப்பட்டதால், கட்டுப்பாடு இறுகியது. சமையலறைக்குள் போய் வந்த மரக்கறித் தோலும் இதில் அடங்கும். பால், முட்டை, இறைச்சி எதுவுமே புகாத வீட்டுக்குத்தான் விலக்கு. பாலும் நெய்யும் இருப்பதால் எமது சைவச் சமையலறைக்கு விலக்கு இல்லை. தோட்டத்தில் பிடுங்கிய கீரையை நேரே போடலாம். மிஞ்சிய சோறும் உப்புக் கூடிய கறியும் பூஞ்சணம் பிடித்த பாணும் வேண்டாம். சட்டத்தை விட்டாலும் உப்பும் பூஞ்சணமும் கோழிக்கு நஞ்சு. அவகாடோவும் அப்படியே.

கோழி இறந்தால்

இறந்த கோழியைக் கையுறையுடன் இரண்டு பொலித்தீன் பைகளில் இட்டுக் கட்டுங்கள். வளவில் புதைக்க வேண்டாம். நரி தோண்டும், கிருமி மண்ணில் தங்கும், சட்டமும் அனுமதிக்காது. மிருக வைத்தியரிடம் கேட்டு ஒப்படையுங்கள். காரணம் தெரியாத சாவானால் பரிசோதித்துப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். மிஞ்சிய கோழிகளுக்கு அது உதவும். பிழைக்காது, வேதனைப்படுகிறது என்று தெரிந்தால் வைத்தியர் மூலம் அமைதியாக முடித்து வைப்பதும் ஒரு கருணைதான்.

பெரியவர்களின் துக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். “ஒரு கோழிக்காக அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை” என்று பிள்ளைகள் என்னிடம் முறையிட்டதுண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது பலர் செய்த கடைசி வேலை கோழிக்கூட்டைத் திறந்துவிட்டதுதான். அப்படித் திறந்துவிட்ட கைகள்தான் இன்று ஹரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் தீன் போடுகின்றன. ஆகவே “கோழிதானே, வேறு வாங்கலாம்” என்று உடனே சொல்லாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள், பேச விடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் “கோழி எங்கோ போய்விட்டது” என்று கதை சொல்லாமல், வருத்தம் வந்து இறந்துவிட்டது என்று எளிமையாகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு மேலும் பெரியவருக்கு உணவும் உறக்கமும் திரும்பாவிட்டால் அது கோழியின் துக்கம் மட்டுமல்ல. எம்மிடம் கூட்டி வாருங்கள்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைக்க

* முதலில் எண்ணுங்கள்: வருத்தம் ஒரு கோழிக்கா, பலவற்றுக்கா?
* ஒன்று மட்டும்: தனிமை, சூடு, தண்ணீர், குறிப்பு, மிருக வைத்தியர்.
* பல, அல்லது திடீர்ச் சாவு, தலை வீக்கம், நீலக் கொண்டை: தொடாதீர்கள், இங்கிலாந்தில் 03000 200 301.
* வாய்க்குள் எதையும் ஊற்ற வேண்டாம். வீட்டுக் குளிசை வேண்டாம். கறி வேண்டாம்.
* கை கழுவுங்கள். முட்டையை இறுக அவியுங்கள்.
* தொட்டவருக்குப் 10 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவத்தல்: என்.எச்.எஸ். 111.

உங்கள் மிருக வைத்தியரின் இலக்கத்தையும் இதன் கீழே உங்கள் கையால் எழுதி ஒட்டுங்கள். அம்மம்மாவுக்கு வாசிக்கக் கூடியதாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பின் கோழியோடு வீட்டில் இருப்பவர் அவர்தான்.